எட்ட நின்னு பாத்தாத் தெரியாதுங்க

பெற்ற பிள்ளையைப் பார்ப்பதற்கு எட்டடி பின்னால் போகிற தாயை நான் கொல்லிமலையில்தான் பார்த்தேன். குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு. வேஷம் கட்டி முடித்ததும் மகளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வாசற்படி வரைக்கும் பின்வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். கழுத்தில் ஊக்கு குத்துகிறது என்று அது முனகினாலும் சரி, பசை காய்ந்து கன்னம் இழுக்கிறது என்றாலும் சரி, பதில் ஒன்றுதான்.

"எட்ட நின்னு பாத்தாத் தெரியாது கண்ணு."

குத்துகிற ஊக்கு எட்ட நிற்பவர்களுக்குத் தெரியாதுதான், குத்துப்படுகிறவள் கிட்டத்தில்தானே இருக்கிறாள் என்று ஒரு தடவை கேட்டேன். நான் ஏதோ தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். வயது ஒரு சாக்குத்தான். மரியாதை கொடுக்க மனசு வரவில்லை என்பதே நிஜம். அவள் புருஷனுக்கு விவசாய ஆபீஸில் வேலை. வாய் திறக்காத மனுஷன். என் வீட்டுக்காரர் பேங்கில் இருந்தார். நாங்கள் ராசிபுரம் பக்கம், அவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கம். மாற்றல் உத்தரவு வந்து மலையேறியவர்கள் ரெண்டு வீட்டாரும். வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் நான் அங்கே இருந்த சின்ன தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராகச் சேர்ந்தேன். அவளும் சும்மா இருக்க முடியாமல்தான் இந்த வேஷம் கட்டுகிற வேலையைப் பிடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். என்னால் யாருக்கும் காயம் படவில்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் குழந்தைகள் தினத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி நடக்கும். மற்ற வீடுகளில் ஒரு வாரம் முன்னால்தான் பேச்சே எடுப்பார்கள். நாமக்கல் போய் கிருஷ்ணர் செட்டோ போலீஸ் செட்டோ வாடகைக்கு எடுத்துவந்து மாட்டிவிட்டால் முடிந்தது. இவள் ஆடி மாசத்திலேயே ஆரம்பித்துவிடுவாள். வாடகைத் துணியை எம் பிள்ளை மேல போடுவனுங்களா டீச்சர் என்பாள். சந்தை நாளில் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு இறங்கி, ஆள் உயரத் தெர்மாகோல் அட்டையோடு பஸ் ஏறுவாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்த அட்டை யாராவது ஒருவர் தலையில் இடிக்கும். கண்டக்டர் திட்டினால், கொஞ்சம் பிடிச்சுக்கங்க என்று அவரிடமே கொடுத்துவிடுவாள். டிக்கெட் போட வேண்டியவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இத்தனை பாடும் ஹர்ஷினி என்கிற ஒற்றைப் பெண் பிள்ளைக்காக. பிள்ளைக்காக என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. என்ன வேஷம் வேண்டும் என்று அதனிடம் ஒரு வருஷம்கூட கேட்டதில்லை. துணிக்கடை பொம்மையிடம் யார் கேட்கிறார்கள்?

நான் பார்த்த முதல் வருஷம் அது யு.கே.ஜி. வேஷம், அருவி. கொசுவலையை நாலாக மடித்துத் தலையிலிருந்து கால்வரை தொங்கவிட்டு, ஓரத்தில் ஜிகினாத் தாள் ஒட்டியிருந்தாள். எட்ட இருந்து பார்க்க நிஜமாகவே வெள்ளைத் தண்ணீர் இறங்குகிற மாதிரிதான் இருந்தது. உள்ளே இருந்த பிள்ளைக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மேடையில் நாலு எட்டு வைத்து மைக் கம்பியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "அருவின்னா கீழ உழுகத்தான் செய்யும்" என்று அவள் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். அப்புறம் அந்த வலை வலையாக உதவவில்லை. மூன்று மாசம் அவள் புருஷன் கொசுக்கடியோடு ஆபீஸ் போனார்.

அடுத்த வருஷம் போன் வந்து கெடுத்தது. வெளிநாட்டில் ஹாலோவீன் என்று ஒரு நாள் உண்டாம். அன்றைக்குப் பேயும் பிசாசுமாகப் பிள்ளைகளுக்கு அம்மாமார்களே வீட்டில் வேஷம் தைத்துப் போட்டு, தெருத்தெருவாக மிட்டாய் வாங்க அனுப்புவார்களாம். அந்த வீடியோக்களை ராப்பகலாகப் பார்த்தாள். என்னையும் உட்காரவைத்துக் காட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, எங்கள் பக்கத்தில் அரசாணிக்காய் என்கிற பரங்கிக்காய் மாதிரி உருண்டையாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு சிரித்தது. அது துணியில் பஞ்சு அடைத்தது என்று யார் பார்த்தாலும் தெரியும். இவளுக்குத் தெரியவில்லை. இருக்கிறதிலேயே பெரிய அரசாணிக்காயாக வாங்கி, குடைந்து, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டுப் பிள்ளை தலையில் கவிழ்த்துவிட்டாள். ஓட்டை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். போட்டி முடிகிற வரைக்கும் ஒரு மணி நேரம் அது அந்தக் காய்க்குள் இருந்தது. கழற்றினால் முடி முழுக்க நாரும் விதையும். வியர்வையும் காய்ச்சாறும் கலந்து அடித்த வாடையில் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின. அன்றிலிருந்து ஹர்ஷினிக்கு அரசாணிக்கா என்று பெயர்.

ஓடாமல் நின்றது தாரணி ஒருத்திதான். மலைமேலேயே இருக்கிற குண்டூர் நாட்டுப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் மலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். தாரணி அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்து, ஹர்ஷினி தலையிலிருந்து விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தது. அதற்குப் பிறகு ரெண்டும் ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில். ஹர்ஷினிக்கு வேறு சிநேகிதம் கிடையாது. அம்மாவின் கைவேலையைப் பார்த்த எந்தப் பிள்ளையும் அதன் பக்கம் வரவில்லை.

மூன்றாம் வருஷம் வௌவால். அதைப் பற்றி நிதானமாக என்னால் எழுத முடியாது. என்னுடைய கறுப்புக் குடையை, கடைக்குப் போய்ட்டு வாரேன் டீச்சர் என்று வாங்கிப்போனாள். போட்டி அன்றைக்கு மேடையில் பார்த்தால் என் குடைத்துணி ஹர்ஷினியின் ரெண்டு கைகளிலும் இறக்கையாக விரிந்திருக்கிறது. கம்பிகளையும் விடவில்லை, விரலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். ஐப்பசி கார்த்திகையில் கொல்லிமலையில் குடை இல்லாமல் இருந்து பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். கேட்டதற்கு, உங்க குடைன்னு யாருக்குமே தெரியலீங்க டீச்சர் என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அந்த வருஷம் மூன்றாம் பரிசு, ஒரு சோப்பு டப்பா. முதல் பரிசு கிடைக்கவில்லை என்று ரெண்டு நாள் சமைக்கவில்லை என்று கேள்வி. பிள்ளையின் விரல் இடுக்கெல்லாம் கம்பி கிழித்த கோடுகள். நான்தான் தேங்காயெண்ணெய் தடவினேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. மேடையில் பிள்ளை பேச நாலு வரி வேண்டும். அதை மட்டும் அவளால் தயாரிக்க முடியாது. பத்தாவதோடு நின்றவள். "எனக்குச் சேந்தாப்ல நாலு வரி எழுத வராதுங்க டீச்சர், நீங்கதான் எழுதித் தரோணும்" என்று நோட்டும் பேனாவுமாக வந்து என் சமையலறை வாசலில் நிற்பாள். ஆளை விட்டால் போதும் என்று நானும் எழுதிக் கொடுத்துவிடுவேன். அருவி பேசியது, அரசாணிக்காய் பேசியது, வௌவால் பேசியது எல்லாம் நான் எழுதியதுதான்.

நாலாம் வருஷம் பிள்ளைகள் ரெண்டும் மூன்றாம் வகுப்புக்கு, என் வகுப்புக்கு, வந்தன. அந்த வருஷம் அவளுக்கு வந்த யோசனையை என்ன சொல்ல. மலைவாசி வேஷம். இடுப்பில் தழை, தலையில் கோழி இறகு, கையில் ஈட்டி, உடம்பு முழுக்க அடுப்புக்கரி. எதுவும் வாங்க வேண்டாம், எல்லாம் இங்கேயே கிடைக்கும் என்று பூரித்துப்போனாள். அவள் குடியிருந்தது கொல்லிமலையில். அவளுக்குப் பால் ஊற்றுகிறவர், மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுக்கிறவர், மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர் எல்லாம் மலைக்காரர்கள். நாலு வருஷமாக அவர்களோடு தினமும் பேசிக்கொண்டிருந்தவளுக்கு, மலைவாசி என்றதும் நினைவுக்கு வந்தது தழையும் ஈட்டியும்தான்.

அதைவிடக் கூத்து, தழைக்கு அவள் யாரிடம் போனாள் என்பது. தாரணியின் அம்மா மகளிர் குழு விஷயமாகப் பேங்குக்கு வந்தவர், கையில் பையும் போனுமாகக் குவார்ட்டர்ஸ் வழியாகப் போனார். இவள் கூப்பிட்டு நிறுத்தி, "ஏனுங்க, உங்க ஆளுங்க இடுப்புல ஒரு தழை கட்டுவாங்கல்ல, அது என்ன தழைங்க?" என்று கேட்டாள். அந்தம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். கோபமே இல்லை. மெய்யாகவே யோசித்தார்.

"எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்களும் டிவியிலதானுங்க பாத்திருக்கறோம்."

சொல்லிவிட்டு, எந்தத் தழை வேண்டுமானாலும் எங்கள் தோட்டத்தில் வந்து பறித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிப் போனார். நான் என் வீட்டுக்குள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள், விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லி இன்னொரு தடவை சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் நோட்டும் பேனாவுமாக வந்துவிட்டாள். அடுப்பில் குக்கர் இருந்தது. மூன்றாவது விசில் வருவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாங்கள் காட்டு மக்கள், இலை தழை உடுத்துவோம், தேனும் கிழங்கும் தின்போம். படித்துப் பார்த்தாள். கை தட்டுகிற மாதிரி கடைசியில் ஒன்று வேண்டும் என்றாள். எங்களுக்கு எழுத்தும் தெரியாது, நாகரிகமும் தெரியாது, நாட்டு மக்களே, எங்களைக் கைதூக்கி விடுங்கள் என்று சேர்த்தேன். நல்லா இருக்குதுங்க டீச்சர் என்று அவள் போய்விட்டாள். நான் குக்கரை இறக்கினேன். அவளைப் பார்த்துச் சிரித்த அதே சாயங்காலம்தான் இது.

ரெண்டு நாள் கழித்து இடைவேளையில் ஹர்ஷினி என் மேஜைக்கு வந்தது. எதையும் கேட்காத பிள்ளை. மேஜை ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசியது.

"டீச்சர், தாரணி ஊட்ல எல்லாத்துக்கும் எழுதத் தெரியுங்க. அவங்கப்பா தெனமும் பேப்பர் படிப்பாருங்க. நான் அதைச் சொன்னா அவ எங்கூடப் பேச மாட்டாளுங்க. அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க டீச்சர்."

எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கியது எனக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவளிடம் போய்ச் சொன்னால் வேறு எழுதித் தரச் சொல்லுவாள், வேஷத்தையே மாற்றுகிறேன் என்று என் வீட்டில் இன்னும் எதையாவது வெட்டுவாள். "வேஷந்தான கண்ணு, நெசம்னு யாரும் நெனைக்க மாட்டாங்க, போ" என்று அனுப்பிவிட்டேன்.

போட்டி சனிக்கிழமை நடந்தது. பந்தலுக்குள் பனி வந்து உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் கீழ்நாட்டிலிருந்து வந்த ஆபீஸ் குடும்பங்கள், பின்னால் மலைக்காரர்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. தாரணி பஸ் கண்டக்டராக வந்தது. அப்பாவின் காக்கிச் சட்டையைக் கை மடித்துப் போட்டு, தோளில் ஒரு பை, வாயில் விசில். காலை பஸ் கண்டக்டர் கிழிந்த டிக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்திருந்தாராம். மேடையை விட்டு இறங்கி வந்து, உள்ள போங்க, உள்ள போங்க என்று பெரிய ஆபீசரையே தள்ளி உட்காரவைத்தது. சனம் சிரித்தது.

அடுத்து ஹர்ஷினி. கரியில் தேங்காயெண்ணெய் குழைத்துப் பூசியதில் பிள்ளையின் கண் மட்டும்தான் தெரிந்தது. குளிரில் முட்டி நடுங்கியது. நான் எழுதிய வரிகளை ஒரு சொல்கூடப் பிசகாமல், தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தது. கைதூக்கி விடுங்கள் என்ற இடத்தில் முன் வரிசை கை தட்டியது. பின்னால் ஒரு கைகூட எழவில்லை. தாரணியின் அப்பா மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எங்கே இருந்தாள் என்று கேட்கிறீர்களா? பந்தலின் கடைசிக்கே போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் கேரியர். தத்ரூபம் என்று மைக்கில் சொன்னார்கள்.

கூட்டம் கலைகிறபோது தாரணியின் அப்பா என்னிடம் வந்தார். பிள்ளை அவர் விரலைப் பிடித்திருந்தது. அவளும் டிபன் கேரியரோடு எங்கள் பக்கத்தில்தான் நின்றாள்.

"டீச்சர், அந்தப் பாப்பா பேசுனதை யாருங்க எழுதுனது?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டார். நரம்பில்லாத நாக்கு, அதுபாட்டுக்குப் பேசியது. "அவங்கம்மாதானுங்க. வேஷம் பேச்சு எல்லாமே அவங்களே பண்ணிக்குவாங்க. நான் தலையிடறதில்லீங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இதோ என்னைக் கிழிக்கப்போகிறாள், நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது, அதை எடுத்துக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். எதற்கும் விட்டுக்கொடுக்காதவள், பைப்படிக்கும் கொடிக்கயிற்றுக்கும் சண்டை போடுகிறவள்.

"ஆமாங்க, நாந்தானுங்க எழுதுனேன். தெரியாம எழுதிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமையிலிருந்து பாப்பா வராதுங்க, ஊர்லயே கவர்மெண்டு ஸ்கூல்ல சேத்துக்கறனுங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். தாரணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதன் ரெண்டாம் பரிசை வாங்கிக்கொள்ளவே இல்லை.

குவார்ட்டர்ஸுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். அன்று சாயங்காலம் ஹர்ஷினி அழுதது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. வழக்கமாக அழும் பிள்ளை இல்லை அது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் என் கதவைத் தட்டினாள். தாரணி ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம், கூட நான் வர வேண்டுமாம். "நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவுரு தட்ட மாட்டாருங்க டீச்சர்" என்றாள். முதல் நாள் நடந்ததைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. எனக்குத் தலைவலி என்றேன். சரிங்க, படுத்துக்குங்க என்று போய்விட்டாள். ஜன்னலில் பார்த்தேன். பிள்ளையின் கழுத்தில் கரி இன்னும் போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு இழுத்துப்போனாள்.

சாயங்காலம் ஒரு பை மரவள்ளிக் கிழங்கோடு வந்தாள். அந்த வீட்டில் சோறு போட்டார்களாம். பிள்ளைகள் ரெண்டும் மிளகுக் கொடிக்குள் விளையாடப் போய்விட்டனவாம். பத்தாவதோடு நின்றவளுங்க, விவரம் தெரியாம எழுதிப்போட்டேன்னு சொன்னேன் என்றாள். "உங்க பேரு எங்கயும் வரலீங்க டீச்சர்" என்று பாதிக் கிழங்கை என் முறத்தில் கொட்டினாள்.

நான் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. பெரிய தியாகி என்று நினைப்பு, இனி இதை வைத்து ஆயுசுக்கும் என்னைக் கறப்பாள் என்று நினைத்தேன். அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். திருந்தினாளா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருஷம் அட்டைப் பெட்டிகளை ஒட்டிப் பிள்ளையை லாரியாக்கினாள். லாரி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பிள்ளையை உள்ளே வைத்தே கத்தியால் ரெண்டு பக்கமும் அறுத்து எடுத்தார் அந்த வாய் பேசாத மனுஷன். எட்ட நின்று பார்த்தால் அறுத்தது தெரியாது என்று அவள் சொன்னது எனக்கு நடுச்சுவர் வழியாகக் கேட்டது. இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு முகம் சுளிக்கத்தான் செய்கிறது.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். மணி அடிக்கிற நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. தாரணி இறங்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஹர்ஷினி ஓடிப்போய் அதன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டது. ரெண்டும் என்னைத் தாண்டி வகுப்புக்குள் ஓடின. தாரணியின் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பை வெளியே விட்டு, படியேறி வந்தார்.

"அந்தம்மா வந்து அழுதாங்க டீச்சர். பாவம், படிக்காதவங்க, அவங்களுக்கு என்ன தெரியும். அவங்க சொன்னதுக்காக நான் அனுப்பலீங்க. நீங்க இருக்கற தைரியத்துலதானுங்க புள்ளைய மறுபடியும் உடறேன்."

"நீங்க கவலைப்படாமப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.